கொழும்புத் தோட்டங்களும் நகர ஏற்றத்தாழ்வும்: ஒரு விமர்சனக் குறிப்பு

கொழும்பில் ‘தோட்டம்’ என்னும் சொல் இருவேறு உலகங்களைச் சுட்டுகின்றது. கறுவாத்தோட்டம் மாளிகைகளும் தூதரகங்களும் நிறைந்த செல்வர் வட்டாரம். வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு, மட்டக்குளி முதலிய பகுதிகளின் தோட்டங்களோ, பொதுக் குழாயையும் பொது மலகூடத்தையும் பகிர்ந்து உழைப்பாளர் வாழ்ந்த நெருக்கமான குடியிருப்புகள். இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து நோக்கும் முறை குறைபாடுடையது என்பது எமது கருத்து. துறைமுகத்தையும் பண்டகசாலைகளையும் நம்பி வளர்ந்த நகருக்கு நாட்கூலியாளர் அருகிலேயே தேவைப்பட்டனர். அவர்கள் பெற்ற கூலியோ தகுந்த வீட்டின் வாடகைக்குப் போதவில்லை. அம்முரண்பாட்டின் விளைவே தோட்டம்.

அரசின் அணுகுமுறை ஒரே தன்மையதாக இருக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளர் பலர் உரிமையாளராக வழிசெய்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், இருக்கும் இடத்திலேயே மக்கள் தம் வீட்டை மேம்படுத்தும் நெறியை ஏற்றது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டபின், நிலத்தின் சந்தைப் பெறுமதியே முதன்மை பெற்றது. தோட்டவாசிகள் தெமட்டகொடை, மட்டக்குளி முதலிய இடங்களின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். விடுவிக்கப்பட்ட நிலம் முதலீட்டுக்குரியதாயிற்று.

இம்மாற்றத்தை முற்றாக நிராகரிப்பதும் பொருந்தாது. தனி மலகூடமும் குழாய்நீரும் உண்மையான பேறுகளே. தோட்ட வாழ்வின் வெள்ளத்தையும் நெருக்கடியையும் ‘அயலுறவு’ என்ற பெயரால் அழகுபடுத்துவோர் அங்கு வாழ்வோர் அல்லர். எனினும், வீட்டு வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்தவர் மேல்மாடியில் எவருக்கு விற்பது? வருமானம் உயராத நிலையில், தவணைப் பணமும் பராமரிப்புக் கட்டணமும் புதிய சுமைகளாயின.

2016ஆம் ஆண்டின் வீட்டு அலகு வருமான, செலவு ஆய்வின்படி, நாட்டின் குடும்ப வருமானத்தில் உச்ச 20 சதவீதத்தினர் 50.8 சதவீதத்தையும், அடிமட்ட 20 சதவீதத்தினர் 4.8 சதவீதத்தையும் பெற்றனர். இப்பங்கீடு மாறாதவரை, ‘வசதி குறைந்த குடியிருப்பு’ என்ற அரச வழக்கு கூலிப் பிரச்சினையைக் கட்டடப் பிரச்சினையாகவே காட்டும். முன்னர் ஒரு மதிற்சுவரின் இருபுறமும் வாழ்ந்த வர்க்கங்கள் இன்று வெவ்வேறு வட்டாரங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. வறுமை செல்வரின் பார்வையிலிருந்து அகல்வதை வறுமையின் ஒழிப்பாகக் கொள்ள முடியாது. எனவே, நகர ஆய்வாளர் வீடுகளை எண்ணுவதோடு அமையாது, கூலியையும் நில உரிமையையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.