க்ளிங்கான் எண்களுக்கு ஒரு பழங்காலம்

'ஸ்டார் ட்ரெக்' அறிவியல் புனைகதைகளில் வரும் வேற்றுக்கிரகவாசிகளான க்ளிங்கான்களுக்கு முழு மொழி ஒன்றை வகுத்தவர் அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட். 1985இல் வெளிவந்த அவருடைய க்ளிங்கான் அகராதியில், எண்களைப் பற்றிய சிறு பகுதிதான் என்னை மிகவும் கவர்ந்தது.

இன்று க்ளிங்கான்கள் பத்துப் பத்தாகவே எண்ணுகிறார்கள். சா என்றால் இரண்டு, மாஹ் என்றால் பத்து, வாக் என்றால் ஐந்து. மூன்று சொற்களையும் அடுத்தடுத்துச் சேர்த்தால் இருபத்தைந்து. பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும்கூடத் தனிச்சொற்கள் உண்டு. ஆனால், முன்னொரு காலத்தில் அவர்கள் மும்மூன்றாக எண்ணினார்கள் என்கிறார் ஓக்ராண்ட். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு மூன்றும் ஒன்றும், மூன்றும் இரண்டும், மூன்றும் மூன்றும். ஏழு என்பது இருமூன்றும் ஒன்றும். பத்துக்கு வரும்போது மும்மூன்றும் ஒன்றும்! க்ளிங்கான் பேரரசு பிறகு இந்த முறையைக் கைவிட்டதாம்.

கற்பனையில் பிறந்த ஒரு மொழிக்குக் கைவிடப்பட்ட கணக்கு எதற்கு? உயிருள்ள மொழிகள் பழையதைச் சுமந்தே வருகின்றன. அது ஓக்ராண்டுக்குத் தெரியும்.  அந்த மும்மூன்று எண்ணிக்கைதான் அகராதியிலேயே ஆகச் சிறந்த கற்பனை.