பொதுப் பாட்டும் மூடிய கதவும்: கொச்சி யூதரின் வாய்மொழி மரபு பற்றிய ஒரு நோக்கு

யூத நாட்டார் கதைகள் பற்றிய எழுத்துகளிற் பெரும்பாலானவை, அக்கதைகளை ஒரு மக்கட் கூட்டத்தின் ஒருமித்த 'ஆன்மா'வின் வெளிப்பாடாகவே கொள்கின்றன. 1912 முதல் 1914 வரை உருசியப் பேரரசின் வொலினிய, பொடோலியச் சிற்றூர்களிற் கதைகளையும் பாடல்களையும் திரட்டிய அன்ஸ்கி, அவற்றை எழுதப்பட்ட வேதத்துக்கு இணையான வாய்மொழி வேதமாகக் கருதினார். நரோத்னிக் இயக்கத்தில் வளர்ந்த ஒருவர் 'மக்கள்' என்பதைப் பிளவற்ற ஒன்றாகக் கண்டதில் வியப்பில்லை. எனினும் சான்றுகள் வேறுவிதமாகவே பேசுகின்றன. 1827இல் முதலாம் நிக்கலஸ் மன்னன் யூதச் சிறுவரையும் படைக்குப் பிடிக்கும் ஆணையைப் பிறப்பித்தபோது, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தப்ப, ஏழைகளின் பிள்ளைகளே பெரும்பாலும் ஒப்படைக்கப்பட்டனர். ஒப்படைத்தவர் யூத சமூகத் தலைவர்களே. அத்தலைவர்களைப் பழிக்கும் பாடல்கள் 1901இல் கின்ஸ்பேர்க், மாரெக் ஆகிய இருவரும் பதிப்பித்த தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. வாய்மொழி வேதத்தினுள் வர்க்கப் பகையும் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வினாவை நமக்கு அண்மையிலுள்ள கொச்சியில் வைத்து நோக்குவது பயனுடையது. ஒல்லாந்தர் 1658 முதல் யாழ்ப்பாணத்தையும் 1663 முதல் கொச்சியையும் ஆண்டனர்; யாழ்ப்பாணத்தவரையும் அவர்கள் 'மலபார்கள்' என்றே அழைத்தனர். உறவு பெயரளவில் நிற்கவில்லை. இரு பிரதேசங்களின் நிலமானியக் கட்டமைப்பிலும் ஒப்புமைகள் பல உள.

கொச்சி யூதரின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்று, கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவி, இசுப்பு இரப்பான் எனப்படும் யோசேப்பு றப்பானுக்கு வட்டெழுத்தில் அளித்த செப்பேடு. அஞ்சுவண்ணம் என்னும் வணிகர் அமைப்பின் உரிமையோடு எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அதில் வழங்கப்பட்டன. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் என வரும் அப்பட்டியலைப் படிக்கும் யாழ்ப்பாண வாசகனுக்கு விளக்கவுரை தேவைப்படாது. யார் குடை பிடிக்கலாம், யார் வீட்டில் மேளம் முழங்கலாம் என்பவையே நமது ஊர்களிலும் ஆதிக்கத்தின் மொழியாக இருந்தன. கொச்சி யூதரை இந்தியச் சகிப்புத்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பாராட்டுவோர் இதனைக் கவனிப்பதில்லை. அரசன் வழங்கியது சமத்துவமன்று. படிநிலையில் ஓர் உயர்ந்த படி.

அப்படியை யார் உரிமையாகக் கொள்வது என்பதிலேதான் கதைகள் வினைப்படத் தொடங்குகின்றன. பழமையான மலபார் யூதர் தாமே றப்பானின் வழியினர் என்றனர். ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்து, 1568இல் மட்டாஞ்சேரியில் தமக்கெனத் தொழுகைக்கூடம் அமைத்த பரதேசி யூதரும் அதே உரிமையைக் கோரினர். மலபார் யூதர் அடிமைகளாயிருந்து மதம் மாறியோரின் சந்ததியினர் என்னும் கதையையும் பரப்பினர். கொடுங்கல்லூரின் இறுதித் தலைவன் யோசேப்பு அசார் தன் மனைவியைத் தோளிற் சுமந்து கொச்சிக்கு நீந்தி வந்தான் என்னும் ஐதிகத்தை வெறும் வீரக்கதையாகப் படிப்பது போதாது. பூர்வீகம் பற்றிய கதை இங்கு ஓர் ஆவணம். அதனைக் கொண்டு வழக்காடினர்.

இவ்விரு சாராருக்கும் கீழே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினரான மெஷுக்ராரிம் இருந்தனர். பரதேசித் தொழுகைக்கூடத்தில் வாங்கில் அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை. அப்பிரிவிற் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) தொழுகைக்கூடத்தினுள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். தடைகள் மெல்ல மெல்லவே தளர்ந்தன.

இனிப் பாடல்களுக்கு வருவோம். ஆடவரின் வழிபாட்டு மொழி எபிரேயம். பெண்களின் பாட்டு மொழி மலையாளம். விவிலியக் கதைகள், தொழுகைக்கூடங்கள் எழுந்த வரலாறு, கலியாணச் சடங்கு ஆகிய அனைத்தும் அவர்தம் பாடல்களில் உள்ளன. வட்டமாக நின்று கைகொட்டிப் பாடிய பெண்கள், நினைவுக்குத் துணையாகக் கையெழுத்துக் கொப்பிகளையும் வைத்திருந்தனர். ஒரு தலைமுறையின் கொப்பியை அடுத்த தலைமுறை பெயர்த்தெழுதிற்று. வாய்மொழியும் எழுத்தும் எதிரெதிரானவை என்னும் பாடநூற் பாகுபாடு இவ்விடத்து நிற்பதில்லை. 1950களில் அச்சமூகத்தின் மிகப் பெரும்பான்மையோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்து நெவாத்திம் முதலிய குடியேற்றங்களிற் பயிர்செய்யத் தொடங்கியபோது கொப்பிகளும் உடன் சென்றன. பார்பரா ஜோன்சன் 1970கள் முதல் அவற்றைத் திரட்டினார். ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் 'கார்குழலி' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். பரதேசித் தொழுகைக்கூடத்தைச் சார்ந்த மெஷுக்ராரிம் குடும்பமொன்றிற் பிறந்த ரூபி டானியேல் (1912–2002), தாம் கேட்ட பாடல்களையும் கதைகளையும் 1995இல் ஜோன்சனுடன் இணைந்து ஆங்கில நூலாக்கினார். வாங்கு மறுக்கப்பட்ட பிரிவிற் பிறந்த பெண்ணே மரபின் சிறந்த காவலராயினார் என்பது மனங்கொளத்தக்கது.

இத்திரட்டுகள் காட்டும் முக்கிய உண்மை, ஒன்றோடொன்று மணவுறவு கொள்ளாத பிரிவுகளின் கொப்பிகளில் ஒரே பாடல்கள் காணப்படுகின்றன என்பதாகும். இதனைக் கண்டு 'பண்பாடு பிரிவினையைக் கடந்தது' என மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சி அவசரமானது. பாட்டுப் பொதுவாயிருந்த அதே நூற்றாண்டுகளில் வாங்கு பொதுவாயிருக்கவில்லை. வாங்கைப் பெற்றுத் தந்தது போராட்டம். பாட்டைப் பொதுவாக்கியதும் நல்லெண்ணமன்று: அடுக்களையிலும் மணப்பந்தலிலும் ஏவுவோரும் ஏவப்படுவோருமாகப் பெண்கள் கூடியிருந்தமையே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. மரபின் ஒருமை சுரண்டலின் நெருக்கத்திலிருந்தும் பிறக்கலாம். அதற்காகப் பாட்டின் அழகு குறைந்துவிடாது. ஆனால் அவ்வழகை ஒற்றுமைக்குச் சான்றாக நீதிமன்றில் நிறுத்த முடியாது.

நா. வானமாமலை 1971இல் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை இங்கு நினைவுகூரலாம். பிராமணன் ஒருவன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்த அக்கதையில், அப்பெண்கள் பிறப்பாற் பிராமணரே எனப் பின்னர் ஒரு திருத்தம் நுழைந்ததை அவர் எடுத்துக்காட்டினார். கொச்சிப் பூர்வீகக் கதைகளில் நிகழ்ந்ததும் அத்தகையதே. பிறப்பைத் திருத்துவது ஆதிக்கக் கருத்துநிலையின் பழைய கைவேலை.

யாழ்ப்பாணத்தில் நாட்டார் வழக்காறுகளைத் திரட்ட முனைவோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் 'எமது பொதுச் சொத்து' என்னும் தலைப்பில் அடக்குவதை இவ்வனுபவத்தின் ஒளியில் மீள நோக்க வேண்டும். பிறர் வீட்டுச் சாவில் ஒப்பாரி வைத்தவர் யார், அதற்கு அவர் பெற்ற கூலி யாது என்பவை பாடலின் புறச்செய்திகளல்ல. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் தோற்றக் கதையும் அவ்வாறே. குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையை நாம் பாடசாலையிலேயே அறிவோம். 1968இல் அக்கோயிலின் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காக நின்றவர்களின் வீடுகளில் அக்கதை எவ்வாறு சொல்லப்பட்டது? கல் சுமந்தவர் அதில் வந்தனரா? அன்று அங்கு நின்றவர்களில் இளையோரே இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். ஒலிப்பதிவுக் கருவியுடன் முதலிற் செல்ல வேண்டியது அவர்களின் வீடுகளுக்கே.