மாணவர் எழுதும் நூல் மதிப்புரை

ஒரு நூலைப் படித்தவர், அதைப் படிக்காதவருக்கு அந்நூல் எத்தகையது என்று காரணத்தோடு எடுத்துச் சொல்வது மதிப்புரை. தமிழில் இதற்கு முன்னோடி சிறப்புப் பாயிரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் அதில் வரவேண்டும் என்கிறது நன்னூல். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்து 11 என்பாரும் உண்டு. பாயிரம் பாராட்டோடு நின்றுவிடும். நிறையோடு குறையையும் ஆராய்வது மதிப்புரையின் கடமை. விமரிசனத்தை முதன்மையாகக் கொண்டு சி. சு. செல்லப்பா 1959இல் சென்னையில் தொடங்கிய 'எழுத்து' இதழை மாணவர்கள் ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

தி. நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொள்ளலாம். 'தண்ணீர்ப் பஞ்சத்தை ஆசிரியர் அருமையாகச் சித்திரித்துள்ளார்' என்று மாணவர் எழுதினால் அதில் அவர் படித்த அடையாளமே இல்லை. பஞ்சம் பற்றிய எந்த நூலுக்கும் அந்த வரி பொருந்தும். மாறாக, மனமுடைந்து நிற்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் திருமண வாழ்க்கையைச் சொல்லும் இடத்தைக் குறிப்பிட்டு, 'ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல் தன் துயரத்தை மட்டும் சொல்கிறாள். ஜமுனா நிமிர்வதற்கு அதுவே போதுமானதாகிறது' என்று எழுதினால், அது கருத்து. அதற்கான சான்றும் கூடவே வந்துவிடுகிறது. மறுப்பவர்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் மறுக்க முடியும். மதிப்புரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கதைச் சுருக்கத்துக்கு நாலைந்து வரி போதும். முடிவைச் சொல்லக் கூடாது.

இப்படிச் சான்றோடு எழுத, நூலை இரண்டு முறை படிப்பது அவசியம். முதல் வாசிப்பு கதைக்காக. இரண்டாவதில், நெருடிய இடத்தையும் நிறுத்திய இடத்தையும் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துப் புத்தகமானால் பென்சில் கோடு கூடாது. தனித் தாளில்தான் குறிப்பு.

தலைப்பில் நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை வரும். இதில் ஆண்டு பலரை ஏமாற்றிவிடுகிறது. 'தண்ணீர்' நூலாக வந்தது 1973இல். கையிலிருக்கும் மறுபதிப்பின் ஆண்டை மட்டும் பார்த்து, 2019இல் சென்னை பட்ட தண்ணீர்க் கஷ்டத்தை ஆசிரியர் எழுதியதாகச் சொல்லிவிட்டால் மதிப்புரையே சாய்ந்துவிடும். மயிலாப்பூர் லஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியானாலும் முதல் பதிப்பு எப்போது என்று உள்பக்கத்தில் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

குறை சொல்லும்போதும் இடம் காட்ட வேண்டும். 'நடை சரியில்லை' என்பது போதாது. எந்த அத்தியாயத்தில், எப்படி என்று சொல்ல வேண்டும். நன்னூல் வகுத்த பத்துக் குற்றங்கள் இதற்கு நல்ல அளவுகோல். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் மூன்றை மட்டுமாவது வைத்துக்கொண்டு, முதலில் தன் மதிப்புரையை வாய்விட்டுப் படித்து, தட்டுப்படும் வரிகளை அடித்துவிட்டுப் பிறகு மாணவர் அதை ஆசிரியரிடம் கொடுக்கலாம்.