பசுமைக் கட்டடமும் உழைப்பின் சுவடும்

‘பசுமைக் கட்டடம்’ என்னுந் தொடர் இன்று ஒரு தரச்சான்றின் பெயராகவே பெரிதும் வழங்குகின்றது. சூரியக்கலம், மழைநீர்த் தாங்கி, சிக்கனக் குளிரூட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டுத்தொகை காண்பதே மதிப்பீடாகிவிட்டது. இத்தகைய அளவுகோல்கள் பரவுவதற்கு முன்னரே எழுந்த வளாகமொன்றை நோக்குவது பயனுடையது.

மாத்தறை வெல்லமடமவிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழக வளாகத்தை ஜெஃப்ரி பாவா 1980களில் வடிவமைத்தார். 1978 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இந்நிறுவனம் 1984 இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. குன்றுகளைச் சமப்படுத்திப் பெருங்கட்டடமொன்றை நிறுத்தாது, ஐம்பதுக்கு மேற்பட்ட தனிக்கட்டடங்களைச் சரிவுகளின் போக்கிலே பரப்பி, கூரையிட்ட நடைபாதைகளால் அவற்றை இணைத்தார் பாவா. நீண்டிறங்கும் தாழ்வாரங்கள் வெயிலையும் மழையையுந் தடுக்கின்றன. இடையிடையே விடப்பட்ட முற்றங்கள் கடற்காற்றுக்கு வழிவிடுகின்றன. குளிர்ச்சி இங்கு விலைக்கு வாங்கிப் பொருத்தப்பட்ட பண்டமன்று. நிலம், காற்று, மனித நடமாட்டம் ஆகியவற்றின் தொடர்பிலிருந்து பிறப்பது. நடைபாதையில் ஒதுங்கும் மாணவனுக்கும் பேராசிரியருக்கும் அது பொதுவானது. உருவம், உள்ளடக்கம் பற்றி இலக்கியத்திலே நாம் நடத்திவந்த விவாதத்தின் மொழியிற் கூறுவதாயின், இங்கு உருவமே உள்ளடக்கத்தின் செயற்பாடாக அமைகின்றது எனலாம்.

எனினும், இப்பாராட்டோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. பாவா தமது கட்டடங்கள் பலவற்றிலே கையாண்ட கூரைமுறை ஒன்றுண்டு: நெளிந்த அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகட்டின் மேல் அரைவட்ட ஓடுகளை அடுக்குதல். தகடு ஒழுக்கைத் தடுக்கும். ஓடு வெப்பத்தைத் தணிக்கும். தொழில்நுட்பரீதியிற் சிறந்த தீர்வே இது. ஆயின் கண்ணுக்குத் தெரிவது மரபின் ஓடு. மறைந்திருப்பது ஆலையின் தகடு. அஸ்பெஸ்டஸ் நார் சுவாசப்பைப் புற்றுநோயை விளைவிப்பது. அத்தகைய தகட்டை அறுத்துத் துளையிடும் தொழிலாளியே அதன் தூசியை முதலிற் சுவாசிப்பவன். மரபழகைப் போற்றும் எழுத்துகளில் அவனுக்கு இடமிருப்பது அரிது.

பாவாவின் சாதனையை மறுப்பது எமது நோக்கமன்று. இயற்கையோடு இணக்கம் என்பது உழைப்போடு இணக்கமுமாகும் என்பதே எமது வாதம். பல்கலைக்கழகங்கள் புதிய கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று தேடும் இவ்வேளையில், இரு வினாக்கள் ஒருங்கே எழுப்பப்படல் வேண்டும்: அங்கு கிடைக்கும் குளிர்ச்சி யாருக்குரியது? அதனை ஆக்கியபோது எழுந்த தூசி யாருடைய நெஞ்சிற் படிந்தது? முதல் வினாவை மட்டும் கேட்கும் அழகியல் பாதி அழகியலே.