நீரைத் தேற்றிய பிறகே செடிக்குச் சோறு

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் தூணில் ஆடும் பெண்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் நேராக அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். அங்கே ஒரு தாமரைப் பொய்கை இருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆடவர் என்று நிறைந்து கிடக்கும் பொய்கை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஓவியங்களையும் அக்காலத்தவை என்றே கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்த இலைகளில் பச்சை முழுதும் போகவில்லை. தண்ணீரைக் காட்ட அந்த ஓவியன் செடிகளைத்தான் நம்பியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். இலையும் தண்டும் நெருங்கி நிற்கிற விதத்திலேயே நீரின் ஆழம் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் என் இரண்டடி மீன்தொட்டியிலும் நான் தேடுவது அதைத்தான். ‘பிளான்டட் டேங்க்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தச் செடித்தொட்டிக் கலையை உலகமே திரும்பிப் பார்க்கச் செய்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டியின் நீளம் மட்டும் 40 மீட்டர். மலையையும் காட்டையும் தண்ணீருக்குள் இறக்கியவர் அவர். ஆனாலும் என் மனம் ஒட்டுவது, நம் ஊர்க் கண்மாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்ததுபோல இருக்கும் தொட்டியிடம். நீண்ட நாடாவாக அலையும் வாலிஸ்னேரியா, மூலையில் ஓர் அல்லிக் கிழங்கு, மணலைக் கிளறும் நாலைந்து அயிரை. வேறு எதுவும் வேண்டாம்.

இதற்குத் தண்ணீர்தான் முதல் சோதனை. புதுக்கோட்டையில் குழாயில் வருவது குளோரின் கலந்த காவிரித் தண்ணீர். போர்த் தண்ணீரோ பல இடங்களில் உப்பும் சுண்ணாம்புமாகக் கடினப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. நமக்கு அது பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு அது நெருப்பு. அதற்குத்தான் வாட்டர் கண்டிஷனர். சாதாரண ஆன்டி-குளோரின் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்ஃபேட். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில் படம் நிலைக்கப் பயன்பட்ட அதே உப்பு.

நம்மவர்களுக்குத் தண்ணீரைப் பக்குவப்படுத்துவது புதிதில்லை. கலங்கிய நீரைப் பானையில் ஊற்றும் முன் தேற்றாங்கொட்டையை உட்புறம் தேய்ப்பார்கள், கலங்கல் அடியில் படியும். தேற்றுதல் என்ற சொல்லுக்குத் தெளியவைத்தல், ஆறுதல் சொல்லுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. கண்டிஷனர் என்ற சொல்லில் அந்தக் கனிவு இல்லை.

அடுத்தது செடியின் பசி. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் மீனின் கழிவும் உரமும் பார்த்துக்கொள்ளும். சிக்கல் இரும்பில்தான். கார நீரில் இரும்பு கரைந்து நிற்காமல் துருவாகிப் படிந்துவிடும். அதனால்தான் திரவ உரங்களில் அதை ஈ.டி.டி.ஏ., டி.டி.பி.ஏ. போன்ற சேர்மங்களால் கட்டிவைத்து விற்கிறார்கள். ஈ.டி.டி.ஏ.யின் பிடி கார நீரில் தளர்ந்துவிடும், டி.டி.பி.ஏ. இன்னும் கொஞ்சம் தாங்கும். நம் போர்த் தண்ணீருக்கு இரண்டாவதே மேல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1980களில் காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் என்ற இரு ஜெர்மானியர்கள் வெப்பமண்டல ஓடைகளின் அடிமண்ணைப் பார்த்துவிட்டு, தொட்டி மணலுக்குக் கீழே இரும்புச் சத்துள்ள செம்புரை மண்ணைக் கலக்கும் முறையைப் பரப்பினார்கள். அந்த மண் நம் காலடியில் கிடக்கிறது. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் சங்ககாலக் கோட்டையே செம்புராங்கல் பூமியில்தான் எழுந்தது. அங்கே இரும்பு உருக்கிய தடயங்களும் உண்டு. செம்புராங்கல்லைப் பொடித்து, கழுவி, மணலுக்கு அடியில் ஒரு விரற்கடை பரப்பினால் போதும். காற்றுப் படாத அந்த அடியில் இரும்பு மெல்லக் கரைந்து வேருக்குப் போகும்.

கண்டிஷனரும் உரமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளுமா என்று பலர் கேட்கிறார்கள். உலோகங்களைப் பிடித்துவைக்கும் கண்டிஷனர்கள் உண்டு, உண்மை. ஆனால் உரத்து இரும்பு ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதால் அந்தப் பயம் அளவுக்கு மீறியது என்பேன். வரிசைதான் முக்கியம். புதுத் தண்ணீரை வாளியில் பிடித்து, அளவாகக் கண்டிஷனர் விட்டுக் கலக்கி, பிறகு தொட்டியில் ஊற்ற வேண்டும். குளோரின் போகாத நீரில் உரத்தை விட்டால் அந்தக் குளோரினே இரும்பைத் துருவாக்கத் துணைபோகும். கண்டிஷனரை அள்ளி விட்டாலும் ஆபத்துதான், நீரில் கரைந்த பிராணவாயு குறையும். முதல் நாள் மாலை தண்ணீர் மாற்றுவதும் மறுநாள் காலை உரம் இடுவதும் என் வழக்கம்.

பலன் இரண்டு வாரத்தில் குருத்தில் தெரியும். வெளுத்து வந்துகொண்டிருந்த நடு இலை அடியிலிருந்து பச்சை ஏறி வரும். நன்றாக வெயில் விழும் ஒரு முற்பகலில் தொட்டி முன் உட்கார்ந்து பாருங்கள். இலை விளிம்பில் கடுகளவு ஒரு முத்து தோன்றும். கொஞ்சம் பருக்கும், நடுங்கும், பிடி விட்டு மேலே ஓடும். அந்த இடத்திலேயே அடுத்தது. செடி விடும் மூச்சைக் கண்ணால் பார்ப்பது அது. தண்ணீரும் உரமும் சரியாக அமைந்தன என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போகும் முன் ஒருமுறை சித்தன்னவாசல் போய் வாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். கோயில் மேற்குப் பார்த்தது. மாலை வெளிச்சம் உள்ளே வரும்போது கூரையில் அந்த இலைகள் நன்றாகத் தெரியும்.