யார் குரலுக்குக் கூட்டம் அடங்கும்?

நெல்லித்தோப்பு சிக்னல் அருகே ஒரு மாலை, செல்போன் திருடியதாகச் சொல்லி ஒரு வடமாநிலப் பையனை மின்கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. பூ விற்கும் அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "டேய், நீ டெய்லர் வூட்டுப் புள்ளதானே? அப்பாவை வரச் சொல்லவா?" முன்னால் நின்றவனின் ஓங்கிய கை இறங்கியது. மற்றவர்கள் நழுவத் தொடங்கினார்கள்.

அன்றிரவு ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலை மறுபடி எடுத்தேன். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சன் சிறைக்குள். வாசலில் விளக்கடியில் செய்தித்தாளுடன் வழக்கறிஞர் அட்டிகஸ். கொல்ல வந்த கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்ட அட்டிகஸின் மகள், சிறுமி ஸ்கவுட், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் மகனைக் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள். கூட்டம் கலைகிறது. தனி ஒருவர் துணிவை எழுதுவதில் அமெரிக்க நாவலின் பலம் முழுதும் இந்தக் காட்சியில் இருக்கிறது. கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தவர் மறுபடி ஒரு பிள்ளைக்கு அப்பாவாகிவிடுகிறார்.

குறையும் இங்கேதான். கூட்டம் நிற்கும்வரை டாமின் குரலே கேட்பதில்லை. துணிவு முழுதும் வெள்ளையர் வீட்டுக்கே போகிறது. இரவில் பின்வாங்கிய அதே ஊர், பிறகு ஜூரியாக உட்கார்ந்து அவனைக் குற்றவாளி என்கிறது.

மார்க் ட்வைன் இந்த ஆறுதலைக்கூடத் தரவில்லை. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ (1884) நாவலில் கூட்டத்தைக் கோழைகள் என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஷெர்பர்ன், சற்று முன்புதான் ஒரு குடிகாரனைச் சுட்டுக் கொன்றவன். துணிந்தவன் எல்லாம் நல்லவன் என்று நம்பும் வாசகரை ட்வைன் அங்கேயே தடுத்து நிறுத்துகிறார். லீயைவிட அவர் கறாரானவர் என்பது என் எண்ணம்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) இன்னும் கொடியது. சாதி மாறி மணந்த சரோஜா ஒளிந்திருக்கும் புதரைச் சூழ்ந்து தீ வைப்பவர்களுக்குள் அவள் மாமியாரும் உண்டு. அங்கே எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, உறவு இருக்கிறது. ஆனால் சரோஜா கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்? ஸ்கவுட்டின் குரல் எடுபட்டதற்குக் காரணம், அவள் அவர்கள் வீட்டுப் பிள்ளை.

நிஜத்திலும் அப்படித்தான். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததால் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். வெளியூர்க்காரர்; அடித்தவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட அவரால் முடியாது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் ஒரு காவல் அதிகாரியை நியமிக்கச் சொன்னது. அவருடைய ஜீப் வந்து சேர நேரமாகும். அதற்குள் உங்கள் தெருப் பையன் யாராவது அந்தக் கூட்டத்தில் நின்றால், அவன் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள்.