பாகம் கேட்டவர்களும் பாகமாய்ப் போனவர்களும்

சிவகங்கை ஜமீன் வழக்கைப் பற்றி வக்கீல்களும் வரலாற்றாசிரியர்களும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதே சீமையில் பிறந்த ஒரு சேரிக்காரன் அந்தப் பிரதியை வாசித்தால் என்ன தெரிகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சங்கதி இதுதான். 1801இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்ட கும்பினி, கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் ஆக்கியது. அவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் செத்துப்போனார். சகோதரர் ஒய்யாத் தேவரின் பிள்ளைகள் ஜமீன் தங்களுக்குத்தான் என்றார்கள். மனைவிமாரும் மகள்களும் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863இல் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. பிரியாத குடும்பமாகவே இருந்தாலும் ஜமீன் அவர் சுயமாக அடைந்த சொத்து, ஆகவே சகோதரர் பிள்ளைகளுக்கு முன்னால் மனைவிக்கும் மகளுக்கும்தான் உரிமை என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் இந்து சொத்துரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது. ஒரு பெண் ஜெயித்த வழக்கு என்று பாராட்டுகிறவர்களும் உண்டு. பாராட்டட்டும்.

என் கேள்வி வேறு. எதைப் பிரித்துக் கேட்டார்கள்? ஜமீன் என்கிற ஒத்தைச் சொல்லுக்குள் எத்தனை கிராமம், எத்தனை கண்மாய், எத்தனை பண்ணை! அந்தப் பண்ணைகளில் குனிந்து நின்றவர்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. 1843இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வரும்வரை தமிழ் நாட்டில் பல சீமைகளில் நிலம் கைமாறும்போது பறையனும் பள்ளனும் சேர்ந்தே கைமாறினார்கள். பாகத்தில் நாங்களும் ஒரு உருப்படி. சட்டம் வந்தபிறகு பத்திரத்திலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பண்ணையிலிருந்து எடுக்கவில்லை. பழைய கிரயப் பத்திரங்களை, பாகப்பத்திரங்களை எடுத்து நான்கெல்லை எழுதிய இடத்தைப் பாருங்கள். சேரிக்கு வடக்கு, பறைத்தெருவுக்கு மேற்கு என்று வரும். பத்திரத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் திசை மட்டும்தான்.

இந்தத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டிய இன்னொரு பிரதி இருக்கிறது. அதை யாரும் சட்டக் கல்லூரியில் பாடமாக வைப்பதில்லை. சிவகங்கைச் சீமையும் அடங்கியிருந்த அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். மீறினால் குடிசைக்குத் தீ, களஞ்சியம் நாசம், ஆடுமாடு கொள்ளை. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. தேவேந்திரகுல வேளாளரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். தலித் அரசியல் பேசுகிற நாம் அந்தத் தடைகளை அவமானத்தின் பட்டியலாக மட்டுமே மேற்கோள் காட்டி வருகிறோம். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, பெண்கள் மார்பை மூடக் கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. இதெல்லாம் அவமானம்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதியைத்தான் வாசித்தவர்களாவோம். என் வாசிப்பில் அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.

பிரித்துப் பாருங்கள். பித்தளைக் குடம் அவர்களுக்கு, மண்பானை எங்களுக்கு. காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறு வரை எங்கள் பொழுது மிராசுதாருக்கு. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. வாரத்துக்கோ குத்தகைக்கோ நாங்கள் நிலம் பிடிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி ஏதாவது விளைந்தாலும் அறுக்கிற நேரத்தில் கொள்ளை போகும். வாரிசுரிமையையும் விடவில்லை. எங்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். அப்பன் பண்ணையாள் என்றால் மகனும் பண்ணையாள். இதைவிடத் தெளிவான உயில் உண்டா?

அப்படியென்றால் எங்கள் ஆட்களிடமும் நிலம் இருந்திருக்கிறது. இல்லாத நிலத்தை விற்கச்சொல்லி யாராவது தடை போடுவானா? எங்க அப்பத்தா சொல்லும்: "கண்மாய்க்குக் கீழ நமக்கும் ரெண்டு செய் கெடந்துச்சுப்பா. மடைய அடைச்சாக. காஞ்சு போச்சு. குடுத்த காச வாங்கிக்கிட்டு வந்தாரு ஒங்க தாத்தா." கண்மாயை நம்பிய பூமியில் மடையை அடைத்தால் போதும், கத்தி எடுக்க வேண்டியதில்லை.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. குடியானவன் என்று கணக்கில் இருந்தவனுக்கு ரயத்துவாரி பட்டா என்றார்கள். வாரமும் குத்தகையும் மறுக்கப்பட்டு, இருந்ததையும் விற்றுவிட்டு, கூலிக்கு உழுதவன் எந்தக் கணக்கைக் காட்டிப் பட்டா கேட்பான்? நாட்டார் போட்ட தடைக்கு அரசாங்கச் சட்டத்தில் இடம் கிடையாது. ஆனாலும் அந்தத் தடை செய்த வேலையின் பலன் அரசாங்கப் பட்டாவில் ஏறிவிட்டது.

தமிழ்ச் சினிமாவும் கதைகளும் பாகப்பிரிவினையை ஒரு சோகமாகவே அழுதுகொண்டிருக்கின்றன. 1959இல் பீம்சிங் எடுத்த 'பாகப்பிரிவினை' படத்தில் சிவாஜிக்காக ஊரே அழுதது. அண்ணன் தம்பி பிரியக் கூடாது, வீட்டின் நடுவில் சுவர் எழும்பக் கூடாது என்பது அந்தக் கதையாடல். சொத்து உள்ளவனின் சோகத்தைத் தமிழனின் சோகம் என்று பொதுவாக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் சுவர் வைக்க இடமில்லாத குடிசைக்காரனுக்கு இதில் என்ன பங்கு? அவன் நிலத்தை இழந்த கதைக்கு அழ எந்தக் கொட்டகையும் கூடவில்லை.

தலித் எழுத்தில் அவமானத்தை நிறைய எழுதிவிட்டோம், பசியை எழுதிவிட்டோம். நிலத்தை அந்த அளவுக்கு எழுதவில்லை. எந்தக் கண்மாய், எத்தனை செய், யார் மடையை அடைத்தது, என்ன விலைக்குப் போனது என்று கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடிய கிழவிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பத்திரப் பதிவு ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்க்கத் தெரிந்த மாணவர்கள் இன்று சேரியிலேயே இருக்கிறார்கள். கிழவி சொல்வதையும் ஆபீஸ் ஏடு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதட்டும். காத்தம நாச்சியாருக்குப் பிரிவி கவுன்சில் இருந்தது. எங்க அப்பத்தாவோட ரெண்டு செய்க்கு இன்னும் ஒரு மனுகூட எழுதப்படவில்லை.